யாகிசுகி: பலகையைச் சுட்டு வீட்டுச் சுவரில் அடிக்கும் ஜப்பானிய முறை, முதலிலிருந்து கடைசி வரை

முதலில் பெயரைச் சரி பண்ணிக்கொள்வோம். இணையத்தில் "ஷோ சுகி பான்" என்று தேடினால் கறுகறுவென்று வீடுகளின் படங்கள் வந்து கொட்டும். அதே பெயரை ஜப்பானில் ஒரு தச்சரிடம் போய்ச் சொன்னால் அவர் விழிப்பார். அங்கே இதற்குப் பெயர் யாகிசுகி. யாகி என்றால் சுட்டது, சுகி என்பது மரத்தின் பெயர். "சுட்ட சுகிப் பலகை" என்று எழுதும் மூன்று எழுத்துகளில் முதலாவதையும் கடைசியையும் அவற்றுக்கு இருக்கும் இன்னொரு உச்சரிப்பில் யாரோ படித்துவைக்க, அந்தத் தப்பே வெளிநாடுகளில் ஊன்றிவிட்டது.

பெயர் தப்பானதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதோடு சேர்ந்து இன்னொரு தப்பும் பரவியிருக்கிறது: பலகை கறுப்பாக இருந்தால் அது யாகிசுகி என்ற நினைப்பு. பணம் போவது அங்கேதான். இந்த முறையில் கிடைக்கும் எல்லாப் பலனும் கரி எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதையும், பலகைக்குப் பின்னால் காற்று ஓடுகிறதா என்பதையும் பொறுத்தது. கறுப்பு நிறம் மட்டும் போதும் என்றால் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிவிடலாமே.

இது எந்த ஊர்ச் சமாச்சாரம்

ஜப்பான் முழுக்க இந்த வழக்கம் இருந்ததில்லை. மேற்கு ஜப்பானில், அதிலும் செத்தோ உள்நாட்டுக் கடலைச் சுற்றியிருக்கும் ஒகயாமா, ஹிரோஷிமா, ககாவா பக்கங்களில்தான் அதிகம். டோக்கியோ பக்கத்துப் பழைய வீடுகளில் இதைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். பார்க்க ஆசைப்பட்டால் நவோஷிமா தீவுக்குப் போய் ஹொன்முரா என்ற பழைய குடியிருப்பின் சந்துகளில் நடந்து பாருங்கள். சுவரின் மேல்பகுதி வெள்ளைச் சுண்ணச் சாந்து, கீழே கரிப்பலகை. கிட்டே போய்ப் பார்த்தால் முதலைத் தோல் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருக்கும், வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கட்டங்களின் விளிம்பு வெள்ளி போல மின்னும். விரலால் தொடாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். அதே ஹொன்முராவில் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 1999-ல் முடித்த மினாமிதெரா என்ற கட்டடத்துக்கும் வெளிச்சுவர் கரிப்பலகைதான். கான்கிரீட்டுக்குப் பேர்போன மனிதர் அந்த ஊர்ச் சந்துக்காகக் கரிக்கு இறங்கி வந்தார்.

கடலோர ஊர்களில் இது ஏன் நிலைத்தது என்றால், உப்புக்காற்று. இரும்பைத் தின்னும், பெயின்டை உரிக்கும் அந்தக் காற்றுக்குக் கரியிடம் பெரிதாக வேலை இல்லை. நடுவில் ஒரு காலம் இந்தப் பழக்கம் தேய்ந்தது. 1950-ல் வந்த கட்டடச் சட்டம் நெருக்கமான நகரப் பகுதிகளில் வெளிச்சுவருக்குத் தீத்தடுப்பு விதிகளைக் கொண்டுவந்தது, அப்புறம் சிமென்ட் பூச்சும் தொழிற்சாலையில் வார்த்த பலகைகளும் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதைத் திரும்பவும் பேச வைத்தவர்களில் கட்டடக் கலை வரலாற்றாளரும் கட்டடக் கலைஞருமான தெருனொபு ஃபுஜிமோரி முக்கியமானவர். 2007-ல் நாகானோவில் அவர் கட்டிய வீட்டுக்குப் பெயரே யாகிசுகி வீடு. அதற்கு ஏறக்குறைய 8 மீட்டர் நீளப் பலகைகளை, வீட்டுக்காரரையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு சுட்டார்கள்.

ஏன் சுகி

சுகி கனமில்லாத, மென்மையான, நேராக வளரும் மரம். நகத்தால் அழுத்தினால் தடம் விழும். ஆங்கிலத்தில் இதை ஜப்பானிய சீடர் என்பார்கள், ஆனால் அசல் சீடர் இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது சைப்ரஸ் குடும்பம். போருக்குப் பிறகு மலை மலையாக நட்டுத் தள்ளினார்கள். இன்று ஜப்பானில் மனிதர் நட்ட காடுகளில் நூற்றுக்கு 40-க்கும் மேல் சுகிதான், வசந்தகாலத்தில் பாதி ஊர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாஸ்க் போட்டு அலைவதற்குக் காரணமும் இதன் மகரந்தம்தான்.

மென்மையாக இருப்பதுதான் இங்கே லாபம். அடர்த்தி குறைந்த கட்டை சட்டென்று தீ வாங்கும், சில நிமிடங்களில் கரி ஆழமாக இறங்கிவிடும், பின்பக்கம் அப்படியே சுடாத மரமாக நிற்கும். தேக்கில் செய்யலாமா என்று யாராவது கேட்பீர்கள். தேவையில்லை. வைரம் பாய்ந்த தேக்குக்கு அதன் எண்ணெய்யே காவல், கெட்டியான மரம் மெதுவாகத்தான் கரியாகும், விலை கொடுத்து வாங்கியதைச் சுட்டு வீணாக்க வேண்டாம். இது மலிவான மரத்தை நீண்ட நாள் நிற்க வைக்கும் வித்தை.

என்ன பலன், எவ்வளவு நம்பலாம்

மரத்தை அழிப்பவை முக்கியமாக மூன்று: வெயில், பூஞ்சை, பூச்சி. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் மரநாரை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. பழைய வேலிக்கட்டை சாம்பல் நிறமாகி நார் நாராக உரிவது அதனால்தான். கரியில் சிதைவதற்கு லிக்னின் மிச்சமில்லை, கதிரை அது தானே வாங்கிக்கொள்கிறது. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மரத்தில் இருக்கும் மாவுச்சத்தும் செல்லுலோஸ் வகைகளும்தான் சாப்பாடு. மேற்பரப்பில் அவை எரிந்துபோனால் அங்கே தின்ன ஒன்றுமில்லை.

இதில் "மேற்பரப்பில்" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். பலகையின் முதுகு சுடப்படாத மரம். கரையான் முன்வாசல் வழியாகத்தான் வரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சுவருக்குப் பின்னால் ஈரம் தேங்கினால் கரிப்பலகையும் பின்பக்கமிருந்து உளுத்துப்போகும், முன்னால் பார்க்கும்போது மட்டும் ஜம்மென்று இருக்கும்.

தீ விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் விற்பவர்கள் சத்தமாகச் சொல்வது இதைத்தான்: "ஏற்கெனவே எரிந்தது, இனி எரியாது." பாதி உண்மை. கரி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், சுட்டபோதே எளிதில் எரியும் ஆவிகள் வெளியேறிவிட்டன, ஆகவே கெட்டியான கரிப்படலம் உள்ள பலகை தீப்பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கலாம். ஆனால் சோதனைகளில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை. கரி மெல்லிசாக இருந்தால் சாதாரணப் பலகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வேடிக்கை என்னவென்றால் ஜப்பானியர்களிடமே ஒரு பழமொழி உண்டு, எரிந்த கட்டைக்கு மறுபடி சீக்கிரம் தீப்பற்றும் என்று. பழைய காதலர்கள் மறுபடி சேர்ந்துகொள்வதைக் கிண்டலாகச் சொல்வது அது, ஆனால் அடுப்பெரித்த யாருக்கும் தெரிந்த உண்மையும்கூட. ஆகவே இதைத் தீத்தடுப்பு என்று நம்பி வாங்காதீர்கள். பக்கத்து வீடு ஒட்டி இருக்கும் இடத்தில் கட்டுவதானால் தீத்தடுப்பைப் பலகைக்குப் பின்னால் இருக்கும் சுவர் பார்த்துக்கொள்ள வேண்டும், விதிகளும் அதைத்தான் கேட்கும்.

எனக்குப் பெரிய பலனாகத் தெரிவது வேறு. பெயின்ட் வேலை இல்லை. ஜப்பானில் தொழிற்சாலைப் பலகை ஒட்டிய வீட்டுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை போலச் சாரம் கட்டிப் பெயின்ட் அடித்து, இடுக்குகளில் புதுப் பசை நிரப்பச் சொல்வார்கள், செலவு கொஞ்சநஞ்சமல்ல. நன்றாகச் சுட்ட பலகையை அடித்துவிட்டு மறந்துவிடலாம், பல பத்தாண்டுகள் நிற்கும்.

படி 1: எங்கே அடிப்பது என்று முடிவு செய்யுங்கள்

கை படும் இடம், குழந்தைகள் சாயும் இடம், கார் உரசும் இடம் இதற்கு ஆகாது. வாசலை ஒட்டி ஆள் உயரத்துக்கு வேறு ஏதாவது போடுங்கள், இல்லையென்றால் கரியைத் தேய்த்தெடுத்த பலகையைப் போடுங்கள். கூரையின் இறவாரம் எவ்வளவு வெளியே நீண்டிருக்கிறதோ அவ்வளவு ஆயுள் கூடும். பெட்டி மாதிரி இறவாரமே இல்லாத வீட்டில் மழை நேராக அடிக்கும் பக்கத்துக் கரி முதலில் கழுவிப்போகும்.

படி 2: வாங்குவதா, சுடுவதா

வாங்குவதானால் கடையில் ஒரு துண்டை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்டு முகத்தில் கரி தனி அடுக்காகத் தெரிய வேண்டும். பழைய முறையில் சுட்டால் 3 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கும், சில இடங்களில் அதற்கு மேலும் போகும். கேஸ் பர்னரால் மேலோட்டமாக வாட்டியதில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அறுத்துக் காட்ட மாட்டேன் என்றால் சாவியால் ஒரு கீறு போடுங்கள். ஒரே கீறலில் பழுப்பு மரம் தெரிந்தால் அது அலங்காரத்துக்கு மட்டும்தான் ஆகும், வீட்டுக்குள்ளே மாட்டிக்கொள்ளுங்கள்.

நீங்களே சுடுவதானால் நன்றாகக் காய்ந்த சுகிப் பலகை, 15 மில்லிமீட்டருக்குக் குறையாத கனம், சேர்த்துக் கட்டிச் சுடும் மூன்று பலகைகளும் ஒரே அகலம். கனம் ஏன் என்றால் 3 மில்லிமீட்டர் தீக்குப் போய்விடும். மரத்தின் பட்டைப் பக்கம் இருந்த முகத்தைச் சுடுங்கள். ஆண்டு வளையங்களைப் பார்த்தால் எது பட்டைப் பக்கம் என்று தெரியும். மையப் பக்கத்தை வெளியே வைத்தால் நாளாவட்டத்தில் வளையங்கள் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து எழும்பும். பெயின்ட் அடித்தது, ப்ளைவுட், மருந்து ஏற்றிய கட்டை எதையும் சுடவே கூடாது, அந்தப் புகை விஷம்.

படி 3: மூன்று பலகை, ஒரு புகைக்கூண்டு

இந்த முறையின் அழகே இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஆறு ஷாகு, அதாவது ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளமுள்ள மூன்று பலகைகளைச் சுட வேண்டிய முகம் உள்ளே பார்க்க முக்கோணமாக நிறுத்தி, மேலும் கீழும் கம்பியால் கட்டுங்கள். கயிறு வேண்டாம், அறுந்துவிடும். அடியில் செங்கல் வைத்துக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினால் காற்று கீழிருந்து ஏறும். கசக்கிய செய்தித்தாளையும் இழைப்புச் சுருளையும் அடியில் திணித்துப் பற்றவையுங்கள்.

முதல் அரை நிமிடம் வெறும் புகைதான், ஏமாற்றமாக இருக்கும். நான் முதல் தடவை ஒகயாமா பக்கம் ஒரு தோட்டத்தில் கூட நின்று செய்தபோது, பற்றவில்லை போலிருக்கிறது என்று குனிந்து பார்க்கப் போனேன், பக்கத்திலிருந்த பெரியவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அடுத்த நொடி உள்ளே "கோ"வென்று ஒரு சத்தம், மேல்வாயிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொழுந்து கிளம்பியது. மூன்று முகங்களும் ஒன்றின் அனலை ஒன்று வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் வேறு விறகே வேண்டியதில்லை. புகைக்கூண்டு தானே அடுப்பு, தானே விறகு.

கீழ்ப்பகுதி சீக்கிரம் எரியும், மேலே தாமதமாகும். பாதியில் கொறடாவால் பிடித்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் சமமாக வரும். பலகைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் எட்டிப் பார்த்தால் உள்முகம் முழுக்கத் தணல் நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்திருக்க வேண்டும். மொத்தம் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும், பலகையின் கனத்தையும் காய்ச்சலையும் பொறுத்து முன்பின் ஆகும். கடிகாரத்தை விடக் கண்ணை நம்புங்கள். விளிம்புகளில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிட்டால் ஓட்டை விழப்போகிறது என்று அர்த்தம்.

காற்றடிக்கும் நாளில் செய்யாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், பருத்தித் துணி, தோல் கையுறை, தண்ணீர்க் குழாய் திறந்த நிலையில் கையில். ஜப்பானில் இந்த மாதிரிப் புகை கிளப்பும் வேலைக்கு முன்னால் அந்த ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் தகவல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியே வந்து நிற்கும்.

படி 4: பிரித்துப் போடு, தண்ணீர் ஊற்று

கம்பியை வெட்டி மூன்றையும் கரிமுகம் மேலே பார்க்க மல்லாத்திப் போட்டவுடன் தீ தானாகவே அடங்கும். ஒன்றுக்கொன்று அனல் கொடுத்துக்கொண்ட முகங்கள் பிரிந்துவிட்டனவே. ஆனாலும் தண்ணீர் ஊற்ற வேண்டும், கஞ்சத்தனம் பண்ணாமல் ஊற்ற வேண்டும். கணுக்களிலும் விளிம்புகளிலும் தணல் ஒளிந்துகொண்டிருக்கும். எங்கள் அடுக்கில் ஒரு பலகை இரண்டு மணி நேரம் கழித்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மெதுவாகப் புகைய ஆரம்பித்தது. அன்றைக்குச் சுட்டதை அன்றைக்கே கொட்டகைக்குள் அடுக்காதீர்கள். ஒரு ராத்திரி வெட்டவெளியில் கிடக்கட்டும், அப்புறம் நிழலில் இடைவெளி விட்டு அடுக்கிக் காயவையுங்கள்.

பர்னரால் சுட்டால் என்ன என்று கேட்டால், சுடலாம். நேரம் பிடிக்கும், கேஸ் செலவாகும், பலகை ஒருபக்கமாக வளையும், கரி மெல்லிசாகத்தான் வரும். சின்னச் சின்ன ஒட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: தேய்ப்பதா, விடுவதா

சுட்டபடியே விட்டால் ஆயுள் அதிகம், அழுக்கும் அதிகம். கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி எடுத்தால் மேலிருக்கும் பொருபொருவென்ற கரி போய், ரேகை எழும்பிய கரும்பழுப்பு மரம் கிடைக்கும், கையில் ஒட்டாது, எண்ணெய் பூசிக்கொள்ளலாம். பார்க்க ரொம்ப அழகு. ஆனால் காவல் கொடுக்கும் அடுக்கைத்தான் நீங்கள் தேய்த்து எடுத்திருக்கிறீர்கள், அதனால் எண்ணெயை அவ்வப்போது திரும்பப் பூச வேண்டிவரும். என்னைக் கேட்டால் வெளிச்சுவருக்கு அப்படியே விட்டுவிடுங்கள், தேய்த்ததை வாசலுக்கும் உள்ளறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: சுவரில் அடிப்பது

சுவரின் மேல் நீர்புகாத, ஆனால் ஆவியை வெளியே விடும் தாளை ஒட்டி, அதன் மேல் 15 முதல் 18 மில்லிமீட்டர் கனத்தில் ரீப்பர் அடித்து, ரீப்பரின் மேல்தான் பலகை. அந்த இடைவெளியில் கீழிருந்து மேலே காற்று ஓட வழி இருக்க வேண்டும், அடியிலும் இறவாரத்துக்குக் கீழும் வாயை அடைத்துவிடாதீர்கள். பூச்சி வராமல் வலை மட்டும் போடுங்கள். கறுப்புச் சுவர் வெயிலில் சூடாகும், அந்தச் சூட்டையும் இந்தக் காற்றுதான் மேலே கொண்டுபோய் விடும்.

பலகையை நிறுத்தி அடித்து இடுக்குகளை மெல்லிய பட்டையால் மூடுவது ஒரு வகை. ஷிதாமி என்று இன்னொரு வகை, பலகையைக் கிடைமட்டமாகக் கீழிருந்து தொடங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி அடித்துக்கொண்டு போவது, ஓடு வேய்வது மாதிரி. எதுவானாலும் பலகையின் அடிவிளிம்புக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், மழை தெறித்து அடி உளுத்துப்போன சுவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

ஆணி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். முன்கூட்டியே துளை போட்டுக்கொள்ளுங்கள், கடைசி அடியைச் சுத்தியலால் நேராக அடிக்காமல் ஆணித்தலையை அழுத்தும் கருவி வைத்து அடியுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கரி நொறுங்கி வட்டமாக மரம் தெரியும். அறுத்த முனைகள் வெள்ளையாக இருக்கும், தண்ணீர் மரத்துக்குள் ஏற அதைவிட நல்ல வழி கிடையாது. அவற்றைப் பர்னரால் வாட்டிவிட வேண்டும். அவசரத்துக்குத் தூரிகை எழுத்துக்குப் பயன்படும் கறுப்பு மையைத் தடவிவிடும் தச்சர்களும் உண்டு, அது பார்வைக்குத்தான்.

தச்சருக்கு ஒரு வார்த்தை முன்பே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் ஆகும்போது அவர் முகம், மூக்கு, அளவுகோல், டீக்கப் எல்லாம் கறுப்பாகியிருக்கும். இந்த வேலைக்குக் கூலி கூட்டிக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். சுண்ணம் பூசுவது, ஜன்னலுக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பது இதெல்லாம் பலகை ஏறுவதற்கு முன்னால் முடியட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், பாதி நாள் கரித்தடம் துடைப்பதிலேயே போகும். வெள்ளை வேலை கடைசியில்.

படி 7: அப்புறம்

முதல் சில மழைகளில் சுவரடியில் கறுப்புத் தண்ணீர் ஓடும். வெளிறிய கல் பதித்த நடைபாதை இருந்தால் அந்த மாதங்களில் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். உயர் அழுத்தக் குழாயால் கழுவவே கூடாது, ஒரே மதியத்தில் இருபது வருஷக் கரியை உரித்துவிடுவீர்கள்.

வருஷங்கள் போகப் போக மழை அடிக்கும் பக்கத்தில் கரி உதிர்ந்து பழுப்பும் சாம்பலுமாகத் தெரியும், மறுபக்கம் அப்படியே கறுப்பாக நிற்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு நிறம். சிலருக்கு அது பிடிக்காது, நவோஷிமாவில் அதைப் பார்க்கத்தான் டிக்கெட் எடுத்துப் போகிறோம். ரொம்ப மெலிந்துபோன பலகையை மட்டும் கழற்றிப் புதிது போட்டால் போதும், முழுச் சுவரையும் தொட வேண்டியதில்லை. அதனால் சுடும்போதே பத்துப் பலகை கூடுதலாகச் சுட்டு, நடுவில் செய்தித்தாள் வைத்து, கொட்டகையில் மேலே ஏற்றி வைத்துவிடுங்கள். அதே அகலத்தில் அதே ஆழத்துக்குச் சுட்ட பலகை இருபது வருஷம் கழித்துக் கடையில் கிடைக்காது.